சிப் அழைப்பில் எந்தப் பதில் எந்தக் கோரிக்கைக்கு? ஜோடி சேர்க்கும் முறை

சிப் (SIP) என்பது இணையவழித் தொலைபேசி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் சாதனங்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறை; ஒரு பக்கம் கோரிக்கை அனுப்பும், மறுபக்கம் எண்ணால் பதில் சொல்லும். தரமணி அலுவலகத்து ஐபி போனிலிருந்து அம்பத்தூர் கிளைக்கு ஓர் அழைப்பு போகிறது. நெட்வொர்க் செய்திகளைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கில் அதைப் பிடித்துப் பார்த்தால் இன்வைட் (அழைப்புக் கோரிக்கை), 100 (முயல்கிறேன்), 180 (மணி அடிக்கிறது), 200 (சரி), ஆக் (இறுதிப் பதில் கிடைத்தது), பை (அழைப்பு முடிப்பு) என வரிசையாகத் தெரியும். எல்லாவற்றிலும் கால்-ஐடி ஒன்றேதான். அது முழு அழைப்பின் அடையாளம். அதை வைத்து ஜோடி சேர்க்கப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

படி 1: ஒவ்வொரு செய்தியிலும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வயா வரியை (செய்தி வந்த வழியைச் சொல்லும் வரி) மட்டும் எடுங்கள். அதிலுள்ள பிராஞ்ச் மதிப்பு (கோரிக்கையையும் அதன் பதிலையும் இணைக்கும் குறி), 2002-இல் வந்த சிப் விதி ஆவணமான ஆர்எஃப்சி 3261-இன்படி, இந்த ஏழு குறிகளில் தொடங்க வேண்டும்: சிறிய இசட், 9, சிறிய எச், பெரிய ஜி, 4, சிறிய பி, பெரிய கே. அப்படித் தொடங்காவிட்டால் எதிரே இருப்பது அதற்கு முந்தைய ஆர்எஃப்சி 2543 காலத்துச் சாதனம். பிராஞ்சை மட்டும் நம்பக் கூடாது.

படி 2: சிசீக் (கோரிக்கையின் வரிசை எண்) வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள மெத்தட் பெயரை, அதாவது இன்வைட், பை போன்ற கோரிக்கை வகையைப் பாருங்கள். பிராஞ்ச், மெத்தட் இரண்டும் பொருந்தினால்தான் அந்தப் பதில் அந்தக் கோரிக்கைக்கு உரியது. மெத்தட் எதற்கு என்றால், கேன்சல் கோரிக்கை, தான் ரத்து செய்யும் இன்வைட்டின் பிராஞ்சையே சுமந்து வரும். பிராஞ்சை மட்டும் பார்க்கும் நிரல், கேன்சலுக்கு வந்த 200-ஐ ‘போனை எடுத்துவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும்.

படி 3: கோரிக்கையைப் பெறும் சர்வர் பக்கம் கோரிக்கைகளைப் பொருத்தும்போது, வயாவில் உள்ள அனுப்புநர் முகவரியும் போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். யுடிபியில் (செய்தி போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத அனுப்பும் முறை) பதில் வராத இன்வைட் 500 மில்லிவிநாடி, பிறகு 1 விநாடி, 2 விநாடி என இரட்டிக்கும் இடைவெளியில் திரும்ப வரும். பிராஞ்ச் மாறாது, மறுபடி மணி அடிக்க வேண்டாம். அடையாளத்தை நிரூபிக்கச் சொல்லும் 401, 407 பதில்களுக்குப் பின் கடவுச்சொல் விவரத்தோடு வரும் இன்வைட் அப்படியல்ல: பிராஞ்ச் புதிது, சிசீக் எண்ணும் ஒன்று கூடியிருக்கும்.

படி 4: ஆக். இதற்கு நிதானம் தேவை. 486 (பிஸி) போன்ற தோல்விப் பதிலுக்கான ஆக், இன்வைட்டின் பிராஞ்சிலேயே வரும். 200-க்கான ஆக் புதிய பிராஞ்சோடு வரும்; அதை கால்-ஐடி, ஃப்ரம் டேக், டூ டேக் (இரு முனைகளின் அடையாளக் குறிகள்), சிசீக் எண் ஆகியவற்றால்தான் அழைப்போடு இணைக்க முடியும்.

பேச்சு நன்றாகக் கேட்டும் அழைப்பு 32 விநாடியில் அறுந்தால் முதலில் இந்த ஆக்கைத் தேடுங்கள். அது வராததால் அம்பத்தூர் பக்கம் 200-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசியில் பை அனுப்பியிருக்கும். அந்த 200-இல், அடுத்த செய்தியை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் காண்டாக்ட் வரியில் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி இருந்தால், ஆக் இணையத்தில் வழி தெரியாமல் தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம். அம்பத்தூர் பிபிஎக்ஸில் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) வெளி முகவரியைக் கொடுத்து, ரூட்டரில் சிப் ஏஎல்ஜியை (சிப் செய்தியிலுள்ள முகவரிகளை வழியில் மாற்றும் வசதி) அணைத்துவிட்டு மறுபடி அழைத்துப் பாருங்கள்.