ஊருக்கு டவுன் பஸ் கேட்டு மனு எழுதும் முன்

"எங்கள் ஊரில் 800 பேர் இருக்கிறோம், பஸ் விடுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு கட்டோடு கட்டாகக் கிடக்கும். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தெரிந்தால்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரால் ஒரு டிரிப்பைப் பற்றி யோசிக்க முடியும்.

முதலில் அரசுக் கணக்கைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் 2011-க்கான மாவட்டக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. வீடுகள், ஆண், பெண், 6 வயதுக்குட்பட்டோர், பஸ் வசதி எல்லாம் கிராமவாரியாக இருக்கும். பஸ் இல்லாத ஊருக்கு, அது கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று குறித்திருப்பார்கள்.

இங்கேதான் பல குக்கிராமங்கள் அடிபடுகின்றன. அந்தக் கணக்கு வருவாய்க் கிராமத்துக்கானது, அதாவது தாய்க் கிராமமும் அதைச் சேர்ந்த குக்கிராமங்களும் ஒன்றாக. தாய்க் கிராமத்துக்கு பஸ் வந்தால் போதும், 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கும் சேர்த்து 'வசதி உண்டு' என்றே பதிவாகியிருக்கும். மனுவின் முதல் பத்தியிலேயே இதை உடைத்து எழுதுங்கள்.

அதனால் வீடு வீடாக நீங்களே எண்ணுவது அவசியம். நூறு வீடு என்றால் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். வெளியூர்ப் பள்ளி, கல்லூரிக்குப் போகிறவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனியாகக் குறியுங்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் வருகிறவர்களைச் சேர்க்க வேண்டாம். அவர்களை நம்பி வாங்கிய டிரிப் காலியாக ஓடும், வசூல் இல்லையென்று நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து, மெயின் ரோடு விலக்கில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணுங்கள். சந்தை நாளும் அதில் வரவேண்டும். காலை 6 முதல் 9.30, மாலை 3.30 முதல் 8. நோட்டில் அரை மணிக்கு ஒரு கட்டம். ஒரு கட்டம் இப்படி இருக்கும்: "7.30–8.00: பள்ளி 14, ஆஸ்பத்திரி 3, கட்டட வேலை 6, நடந்து 15, ஷேர் ஆட்டோ 8." ஆட்டோவுக்குக் கொடுத்த காசையும் எழுதுங்கள். மாலைக் கணக்கை விட்டுவிடாதீர்கள். காலை டிரிப்பை வாங்கிவிட்டு, பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்பும் மாலை பஸ்ஸோடு மல்லுக்கட்டும் ஊர்கள் நிறைய.

பாதையை டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பஸ்ஸின் அகலம் சுமார் 2.5 மீட்டர், ஊர்ச்சாலையின் தார் 3.75 மீட்டர் இருந்தாலும் எதிரில் டிராக்டர் வந்தால் ஒதுங்க தாரை ஒட்டி மண்தோள் (ஓரத்து மண்பரப்பு) வேண்டும். ஒரே வீச்சில் திரும்ப 25 மீட்டர் வரை இடம் தேவை. இல்லையென்றால் ரிவர்ஸ் எடுக்க ஒரு முச்சந்தியைக் காட்டுங்கள். தாழ்ந்த மின்கம்பி, புளியங்கிளை, பலவீனமான சிறுபாலம் மூன்றும் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படும். ஊராட்சி, மின்வாரியம் மூலம் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள்.

புதுப் பஸ் கேட்பதைவிட, பக்கத்து ஊரோடு திரும்பும் டிரிப்பை நீட்டிக்கக் கேட்பது சுலபம். கூடுதல் வண்டி தேவையில்லை. 'நகரப் பேருந்து' என்றே குறிப்பிடுங்கள். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான். புறநகர்ப் பஸ் வந்தால், சில மலைப்பகுதிகளைத் தவிர, டிக்கெட் எடுக்க வேண்டும். விடியற்காலை டிரிப் வேண்டுமென்றால் இரவு ஊரிலேயே நின்று காலையில் கிளம்பும் இரவு தங்கல் பஸ் கேளுங்கள். ஓட்டுநர், நடத்துநர் படுக்க ஃபேன் உள்ள அறையும் கழிப்பறையும் ஊர் தருவதாக எழுதிக் கொடுத்தால் பேச்சு வேறுவிதமாகப் போகும்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகல், கணக்கு, போட்டோக்களோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிளை மேலாளருக்கும் கோட்டப் பொது மேலாளருக்கும் ஒரு பிரதி. பதில் வரவில்லையென்றால், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

பஸ் வந்த பிறகும் நோட்டை மூடவேண்டாம். வராத டிரிப்பைத் தேதி, நேரத்தோடு எழுதி மாதம் ஒருமுறை கிளைக்குக் கொடுங்கள்.