ஒப்புரவு பேசும் சபைகள் சறுக்கும் இடங்கள்

வெள்ளையரும் கறுப்பரும் கைகோத்து ஒரு பாட்டு, கண்ணீரோடு ஒரு ஜெபம், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. இன ஒப்புரவு என்று சபைகள் நடத்தும் கூட்டங்கள் பல இத்தோடு முடிந்துவிடுகின்றன. எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நடத்திய டச்சு சீர்திருத்த சபை நல்ல பாடம்.

முதல் தவறு ‘இப்போதைக்கு’ என்ற சொல். திருவிருந்தில் நிறம் பார்க்கக் கூடாது என்று அந்தச் சபையின் சினாட் (சபையை ஆளும் பேரவை) 1829இலேயே சொல்லிவிட்டது. 1857இல் என்ன செய்தது? எல்லோரும் ஒரே சபையில் இருப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ‘சிலருடைய பலவீனத்தை’ முன்னிட்டுத் தனிக் கட்டிடத்துக்கும் இடம் கொடுத்தது. பலவீனம் கறுப்பரோடு பந்தியில் அமர மனமில்லாத வெள்ளையருக்கு. வெளியே போக வேண்டியவர் மட்டும் கறுப்பர்! 1881இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே வந்தது. பிறகு கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நம் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் வைத்தவர்களும் இதே பேச்சைத்தான் பேசியிருப்பார்கள். ஆகவே, யாருடைய மனம் நோகாதிருக்க யாரைக் காத்திருக்கச் சொல்கிறோம் என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், மன்னிப்புக் கேட்டதும் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பது. 1990 நவம்பரில் ருஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் தன் சார்பிலும் தன் டச்சு சீர்திருத்த சபையின் சார்பிலும் நிறவெறிக்காகப் பாவ அறிக்கை செய்தார். கறுப்பரான ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதை அங்கேயே ஏற்றுக்கொண்டார். எல்லோர் சார்பிலும் அவர் எப்படி மன்னிக்கலாம் என்று கறுப்பர் சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் ‘கசப்பு’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வேதத்தில் வரும் ஆயக்காரன் சகேயுவும் வெறும் வருத்தம் தெரிவித்து விட்டுவிடவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

சொத்துப் பேச்சைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. கலப்பினச் சபையும் கறுப்பர் சபையும் 1994இல் இணைந்தபோது கறுப்பர் சபையின் ஒரு பகுதி சேரவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பத்திரம் யார் பெயரில், ஆயர் சம்பளம் யார் கையில் என்பதை ஜெபக் கூட்டத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு ஒன்று உண்டு. ‘எங்கள் வீட்டுக்கு வாருங்கள்’ என்று மனதார அழைப்போம். வருகிறவரிடமிருந்து எதையும் கற்க மாட்டோம். கலப்பினச் சபை 1982இல் எழுதி 1986இல் ஏற்றுக்கொண்டது, சபையில் இனப் பிரிவினையை மறுக்கும் பெல்ஹார் விசுவாச அறிக்கை. இதை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 1994இல் பிறந்த ஒன்றிணைந்த சபை கேட்டது. வெள்ளையர் சபை ஆண்டுக்கணக்கில் வாதாடியது. கடைசியில் வட்டார சினாட்களின் வாக்கெடுப்பில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. இரண்டு சபைகளும் இன்னும் தனித்தனிதான்.