தாத்தாவின் மழைக் கொப்பியை ஆய்வாளர்களுக்குத் திறந்து வைப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மழைமானி பார்த்துக் குறித்துவந்த தாத்தா விட்டுப்போனது மூன்று கொப்பிகள், முழுக்க அங்குலக் கணக்கு. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் இப்படி ஏதாவது கிடந்தால், எந்த ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கலாம். காசு செலவில்லை, பொறுமைதான் செலவு.

முதலில் அனுமதி. கொப்பி தோட்ட அலுவலகத்துக்குரியது என்றால், கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கங்களைப் படமெடுத்தபின் தட்டச்சு. ஒரு நாளுக்கு ஒரு வரி. திகதி, மழை, குறிப்பு என்று மூன்று நிரல்கள். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ஏப்ரல் 3 என்ற எண்ணத்தில் 03/04 என்று அடித்தேன். எக்செல் அமெரிக்க வழக்கப்படி அதை மார்ச் 4 ஆக்கிவிட்டது. இரண்டு வார வேலை பாழ். திகதி நிரலை முதலில் 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிட்டு, 1974-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அடியுங்கள்.

மழையில்லாத நாளுக்கு 0. அளக்காத நாளை வெறுமையாக விடுங்கள். தீபாவளிக்குத் தாத்தா வெறும் கோடு போட்டிருக்கிறார். அதை 0 ஆக்கினால், கொட்டித் தீர்த்த நாளும் வெயில் நாளாகிவிடும். அங்குலத்தை அழிக்காமல், 25.4 ஆல் பெருக்கி மில்லிமீற்றரைப் பக்கத்து நிரலில் போடுங்கள்.

ஓரக் குறிப்புகளில் கவனம். "இன்னார் வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது" என்றிருந்தால் தகரம் இருக்கட்டும், பெயர் வேண்டாம். சின்ன டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், லய (தொழிலாளர் வரிசை வீட்டு) இலக்கமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். படங்களையும் ஏற்றுவதானால் அங்கும் மறையுங்கள்.

கோப்பைச் சிஎஸ்வி யூடிஎஃப்-8 ஆக (தமிழ் எழுத்தையும் காக்கும் எளிய அட்டவணை வடிவம்) சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ்க் குறிப்புகள் கேள்விக்குறிகளாகலாம். கூடவே ஒரு விளக்கக் கோப்பு: இடம், உயரம், அலகு, அளந்த நேரம். காலையில் அளந்தது பெரும்பாலும் முந்தைய நாள் மழை. இதைச் சொல்லாத அட்டவணையைத் தந்து பயனில்லை.

இனி ஸெனோடோ. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம் 2013 முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம். கணக்குத் திறந்து, கோப்புகளை ஏற்றி, உரிமமாக சிசி பை 4.0 ஐத் தெரிவுசெய்யுங்கள். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். வெளியிட்டதும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும்.

பிழை தெரிந்தால் புதிய பதிப்பாக ஏற்றலாம், பழையதும் அங்கேயே இருக்கும். என்னுடையது இப்போது இரண்டாம் பதிப்பு: நான் 7 என்று வாசித்தது தாத்தாவின் 1.