மரபு வில்லுக்கு நாண்: எந்த நூல், எத்தனை இழை?

நாண் தேடும் புதியவர்கள் முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். வேகம் இருக்கட்டும், முதலில் வில்லின் நுனியைப் பாருங்கள்.

1. நூல்

அம்பை விட்டதும் நாண் 'டக்'கென்று நிற்கும்போது, அந்த அடியை வாங்குவது கண்ணி (நாணின் முனையில் உள்ள வளையம்) மாட்டியிருக்கும் நுனிதான். பழைய வில், அல்லது நுனியில் கொம்போ ஃபைபர் கிளாஸோ ஒட்டாத வெறும் மர வில் என்றால் டேக்ரான் போதும். அது பாலியஸ்டர்; கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியைத் தணிக்கும். ஃபாஸ்ட் ஃப்ளைட் மாதிரி பாலிஎத்திலீன் நூல்கள் மிகக் குறைவாகவே இழுபடும். அம்பு வேகமாகப் போகும், ஆனால் நுனி பிளக்கவும் வாய்ப்புண்டு. வில் செய்தவர் 'போடலாம்' என்று சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள்.

2. இழைகள்

டேக்ரானுக்குப் பொதுவான கணக்கு: இழுக்கும் எடை 25–35 பவுண்டு உள்ள வில்லுக்கு 10 இழை, 35–45க்கு 12, 45–55க்கு 14. ஒரு இழையே சுமார் 50 பவுண்டு தாங்குமே, எதற்கு இத்தனை? அம்பை விடும் கணத்தில் நாணில் ஏறும் விசை, நீங்கள் இழுக்கும் எடையைவிடப் பல மடங்கு. தேய்மானத்துக்கும் இடம் விட வேண்டும். அதற்காக இழைகளை அள்ளிப் போடவும் வேண்டாம். நாண் கனத்தால் அம்பு மந்தமாகும்.

பாலிஎத்திலீன் இழை மெல்லியது, வலுவோ அதிகம். பலத்துக்குச் சில இழைகளே போதும் என்றாலும், மெலிந்த கண்ணி நுனியை அறுக்கும். அதனால் கண்ணியில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிப்பாக்குவார்கள்.

3. நடுச்சுற்று

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். அம்பின் நாக் (வால் முனையில் நாண் பொருந்தும் பிளவு) நாணில் எப்படி உட்காருகிறது என்பதை முடிவு செய்வது நடுவில் சுற்றிய நூலின் தடிமன். நாண் ஏற்றிய வில்லைத் தரைக்கு இணையாக, நாண் கீழே இருக்குமாறு பிடித்து, அந்தப் பிளவை நாணில் மாட்டி அம்பைத் தொங்க விடுங்கள். அது தானாக விழக்கூடாது. நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

தட்டியும் விழவில்லையா? மெல்லிய நூலால் மறுபடி சுற்றுங்கள். தானாகவே விழுகிறதா? தடித்த நூலுக்கு மாறுங்கள்; இதைத் தள்ளிப்போடாதீர்கள். இழுத்த நிலையில் அம்பு நழுவி நாண் வெறுமனே விடுபட்டால் வில்லே உடையலாம்.

4. பழக்குதல்

புது நாண் முதலில் சற்று நீளும். சில டஜன் அம்புகள் விட்ட பிறகு வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் நாணைக் கழற்றி, முறுக்கு இருக்கும் திசையிலேயே இன்னும் சில முறுக்கு ஏற்றி மாட்டுங்கள். அப்புறம் நடுச்சுற்றை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.