மரப்பிடிச் சுத்தியல் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே இலங்கை மலைநாட்டின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கூரைத் தகரத்தைச் சரிபார்த்துவிடுவார்கள். நான் பிறந்த லயத்திலும் அப்படித்தான். ஒரு வருடம் லயத்தில் எங்கள் வீடான காம்பராவின் கூரையில் மாமா ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஓங்கிய கையோடு சுத்தியலின் இரும்புத் தலை கழன்று பறந்து, கீழே இஸ்தோப்பில், அதாவது முன் வராந்தாவில், உட்கார்ந்திருந்த பாட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. டவுனில் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத சுத்தியல் அது. வாங்கும்போது பளபளக்கும் தலையையும் வார்னிஷ் மின்னும் பிடியையும் பார்த்தோம். தலையும் பிடியும் சேரும் இடத்தை யாரும் பார்க்கவில்லை.

அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுத்தியலைத் திருப்பி, தலையின் உச்சியில் பிடியின் நுனி எட்டிப்பார்க்கும் துவாரத்தைக் கவனியுங்கள். நல்ல தலையில் இந்தத் துவாரம் நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் சற்று அகன்றிருக்கும். கீழிருந்து நுழைந்த பிடியை மேலே ஆப்பு அடித்து விரிக்கும்போது, அது வெளியே வர முடியாமல் இறுகிவிடும். மரத்தை வெட்டிய பிளவில் ஒரு மர ஆப்பும், அதற்குக் குறுக்கே ஒன்றோ இரண்டோ இரும்பு ஆப்புகளும் இருக்க வேண்டும். மரம் துவாரத்தை நாலு பக்கமும் நிரப்பியிருக்க வேண்டும். ஓரத்தில் விரல் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ, இடைவெளியைப் பசையாலும் கறுப்புப் பெயின்டாலும் மூடியிருந்தாலோ, அந்தச் சுத்தியலைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது பிடியின் மரம். விறகு பிளந்து பழகிய எந்தத் தோட்டத்து ஆளுக்கும் இது தெரியும்: இழை ஓடும் வழியில் மரம் சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. பிடியின் பக்கவாட்டில் ஓடும் ரேகைகளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அடியில் தொடங்கிய கோடு தலை வரை போக வேண்டும். பாதி வழியில் சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்தச் சரிவு ஏற்கெனவே போட்டுவைத்த விரிசல்தான்; ஒருநாள் அந்த வழியாகவே பிடி முறியும். அடிப்பக்க வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் தெரிந்தால், அவை சுத்தியல் அடிக்கும் திசையிலேயே, அதாவது முகத்திலிருந்து ஆணி பிடுங்கும் கொம்பு நோக்கி, ஓடுவதைத் தச்சர்கள் விரும்புவார்கள். நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வருட வளையம் தெளிவாகத் தெரியாது. அப்போது பக்கவாட்டு ரேகையை நம்புங்கள்; என் கணக்கில் இரண்டில் முக்கியமானதும் அதுதான். தலைக்குக் கீழே ஒடுங்கும் கழுத்துப் பகுதியில் கணு இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஆகவே முழுப் பிடிக்கும் பெயின்ட் அடித்த சுத்தியலை வாங்குவது தவறு. பெயின்டுக்குள் என்ன மரம், எந்தப் பக்கம் இழை என்று கடைக்காரருக்கே தெரியாது. இறக்குமதிப் பிடிகளில் வட அமெரிக்காவின் ஹிக்கரியும் ஐரோப்பாவின் ஆஷும் பேர்பெற்றவை. இரண்டும் அதிர்ச்சியை வாங்கி வளைந்துகொடுக்கும். நம் நாட்டிலும் அதற்கு ஈடான மரம் உண்டு. உலர்வலயக் காடுகளில் வளரும் சாவண்டலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயர் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். வண்டிக்கும் படகுக்கும் உதவிய மரம், கருவிப் பிடிக்கும் அருமையாக உதவும்.

இனி, மலைநாட்டில் நாம் அதிகம் செய்யும் தவறு. தலை கொஞ்சம் ஆடத் தொடங்கியதும் சுத்தியலைப் பீலியடியில் வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைப்போம். காலையில் இறுகியிருக்கும், வேலையும் நடக்கும். ஆனால் ஊறிப் பருத்த மரத்துக்கு இரும்புத் துவாரத்துக்குள் விரிய இடமில்லை. அதனால் அதன் இழைகள் உள்ளேயே நசுங்குகின்றன. காய்ந்ததும் மரம் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடுகிறது. மறுபடி ஊறவைக்கிறோம், மறுபடி நசுங்குகிறது. மாமாவின் சுத்தியலுக்கு நடந்தது இதுதான் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

இங்கே தண்ணீரில் போடாமலே இது நடக்கும் என்பதுதான் கவலை. மழைக்காலத்தில் ஹட்டன் பக்கம் மூடுபனியும் ஈரமும் வாரக்கணக்கில் விலகாது. அந்த ஈரத்தில் கிடந்த சுத்தியலை விறகு அடுப்புக்கு மேலே பரணில் கொண்டுபோய் வைத்தால், ஒரே வாரத்தில் அது பருத்தும் சுருங்கியும் விடுகிறது. மழையில் ஹட்டன் நனைகிற அதே ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாவின் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வறண்ட காற்று வீசும். மேற்குச் சரிவில் இறுகியிருந்த தலை, மகள் வீட்டு வேலைக்கென்று ஊவாவுக்குக் கொண்டுபோனதும் ஆடத் தொடங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கருவியை அடுப்பு அனலிலும் வைக்காதீர்கள், மண் தரையிலும் போடாதீர்கள். அறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.

தளர்ந்த தலையை இறுக்க நேர்வழி இருக்கிறது. சுத்தியலைத் தலை கீழாகத் தொங்கும்படி ஒரு கையால் பிடித்து, பிடியின் அடியில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்கும். பிடிதான் உள்ளே இறங்கும். பிறகு ஆப்பைச் சரிசெய்யலாம், தேவையென்றால் புதிய ஆப்பு அடிக்கலாம். ஆப்புக்குப் பதிலாக இரண்டு அங்குல ஆணியை உச்சியில் இறக்கிவிடுகிறோமே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உருண்டையான ஆணி மரத்தைப் பரப்பாது, பிளக்கும்.

பிடியே முறிந்துவிட்டால் நம்மூரில் கொய்யாக் கிளையைத் தேடுவோம். தெரிவு நல்லதுதான், கொய்யா மரம் அடர்த்தியானது, இழுவையுள்ளது. ஆனால் இன்று வெட்டி நாளைக்கு மாட்டினால் பச்சை மரம் காயக் காயச் சுருங்கி, தலை நிச்சயம் கழலும். வாளால் அறுக்காமல் இழை வழியே பிளந்தெடுத்து, இரண்டு முனைகளுக்கும் மெழுகோ பெயின்டோ தடவி, நிழலில் காற்றோட்டமாகப் பல மாதங்கள் வைக்க வேண்டும். அவசரத்துக்கு அடுப்பின் மேல் வைத்தால் வெளிப்புறம் மட்டும் காய்ந்து வெடிப்பு விடும். பொறுக்க முடியாதவர்கள் காய்ந்த பிடியைக் கடையிலேயே வாங்கிக்கொள்வது மேல்.

பிடிக்கு எண்ணெய் போட வேண்டும், ஆனால் தேங்காய் எண்ணெய் அல்ல. அது காய்ந்து இறுகாது; பிசுபிசுத்து, நம் குளிர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுபட்டு இறுகும். வழுக்கும் வார்னிஷை மணற்றாளால் சுரண்டிவிட்டு அதை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை தேய்த்தால் கை கொப்பளிக்காது. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒரு காம்பராவில் பற்றினால் ஒரு லயமே போய்விடும். விரித்து வெளியே காயவையுங்கள்.

தலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்ப்பிரும்புத் தலை உடையும். உருக்கை அடித்து வடித்து, சூடேற்றிப் பதமிட்ட தலைதான் வேண்டும். நடுவே நீளவாக்கில் வார்ப்பு அச்சின் கோடு, சொரசொரப்பு, சிறு குழிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். முகம் மிக இலேசாகக் குவிந்து, விளிம்பு சாய்வாக மழிக்கப்பட்டிருக்கட்டும். முகத்தில் கட்டம் கட்டமாகப் பல் வெட்டியது சாரம் கட்டவும் சட்டம் அடிக்கவும் சரி. கதவிலும் அலமாரியிலும் தழும்பு போட்டுவிடும். இரண்டு சுத்தியல்களை ஒன்றோடொன்று மோதி ஓசை கேட்டு வாங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பெரிய ஆபத்து. பதமிட்ட முகங்கள் மோதினால் உருக்குச் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். இதே காரணத்துக்காகத்தான் கொங்கிரீட் ஆணிக்கும் உளித் தலைக்கும் தச்சுச் சுத்தியலைத் தொடக்கூடாது. அவற்றுக்குச் சம்மட்டி இருக்கிறது.

எடை விஷயத்தில் பெரியதே நல்லது என்று நினைக்கிறோம். வீட்டு வேலைக்கும் பொதுவான தச்சு வேலைக்கும் 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 450 கிராம் தலை போதும். 20 அவுன்ஸ் நாள் முழுவதும் சட்டம் அடிக்கிறவர்களுக்கு. சாமிப் படம் மாட்டவும் பெட்டி செய்யவும் 8 அவுன்ஸ் அழகாகக் கைக்கு அடங்கும். அடியின் விசையில் எடையைவிட வேகத்துக்கே பங்கு அதிகம். கை தளர்ந்து மெதுவாக வீசும் கனமான சுத்தியல் ஆணியை வளைக்கும், மணிக்கட்டையும் நோகடிக்கும்.

பழைய தகரம் கழற்றும்போதுதான் மரப்பிடிகள் அதிகம் முறிகின்றன. துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிய நீள ஆணியைக் கொம்பில் மாட்டி, இரண்டு கையாலும் பிடியை இழுக்கிறோம். முழுப் பாரமும் ஒடுங்கிய கழுத்தில் இறங்குகிறது. தலைக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் பாரம் குறையும், பலகையும் நசுங்காது. அதற்கும் அசையாத ஆணியென்றால் சுத்தியலை வைத்துவிட்டு அலவாங்கை, அதாவது கடப்பாரையை, எடுங்கள்.

மாமா இப்போது புதிய சுத்தியல் ஏதும் வாங்கினால், தலையின் அடிவிளிம்பை ஒட்டிப் பிடியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பார். கூரையில் ஏறுமுன் அந்தக் கோட்டைப் பார்ப்பார். கோட்டுக்கும் இரும்புக்கும் நடுவே நெல்லளவு மரம் தெரிந்தால் தலை நகர்ந்துவிட்டது என்று பொருள். அன்று ஏணியில் கால் வைக்கமாட்டார். இஸ்தோப்பில் உட்கார்ந்து முதலில் ஆப்பைத்தான் சரிசெய்வார்.