மார்க்கஸை அரேலியஸ் ஆக்காதீர்கள்

சென்னையில் காப்பி எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் ஃபைல்களை இரண்டாம் முறை பார்த்து அனுப்புவது இப்போது என் வேலை. ரோம வரலாற்றுப் புத்தகம் ஏதாவது வந்தால், பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு அச்சு அசலாகத் திரும்பி வருகிறது. எழுத்துப்பிழையைப் பற்றிச் சொல்லப் போவதில்லை, அதை மென்பொருளே பிடித்துவிடும். மென்பொருள் பிடிக்காததைப் பார்ப்போம்.

'கடைசிப் பெயர்' என்று நினைத்து அரேலியஸ் என்பது

ஆங்கில நடை விதி எல்லோருக்கும் மனப்பாடம்: முதல் தடவை முழுப் பெயர், அதற்குப் பிறகு கடைசிப் பெயர் மட்டும். நானும் அப்படித்தான், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸை ஆசிரியர் நானூறு பக்கமும் 'மார்க்கஸ்' என்றே எழுதியிருக்கிறாரே, என்ன இது, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவது போல என்று நினைத்து, எல்லா மார்க்கஸையும் ஒரே தட்டில் அரேலியஸ் ஆக்கினேன். 'அரேலியஸ் அரேலியஸ்' என்று வந்த இடங்களை மட்டும் பழையபடி மார்க்கஸ் அரேலியஸ் என்று திருப்பியதில் பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு. திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸும் போடவில்லை.

அந்தப் பேரரசருடைய அப்பா பெயர் மார்க்கஸ் அன்னியஸ் வெரஸ். தாத்தா பெயரும் அதேதான். அவரும் கி.பி. 121-இல் பிறந்தபோது மார்க்கஸ் அன்னியஸ் வெரஸ்தான். மூன்று பேரையும் 'அரேலியஸ் அன்னியஸ் வெரஸ்' ஆக்கியிருந்தேன். பேச்சுக்கலை சொல்லிக் கொடுத்த மார்க்கஸ் கார்னீலியஸ் ஃபிரான்டோவும் தப்பவில்லை. ஆசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "யார் இந்த அரேலியஸ் ஃபிரான்டோ?" மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன், அந்தப் புத்தகத்துக்குக் கூலியும் பாதிதான் வந்தது.

இன்னும் எரிச்சல் தருவது என்னவென்றால், அரேலியஸ் அவர் பிறந்த வீட்டுப் பெயரே இல்லை. 138-இல் பேரரசர் ஹாட்ரியன், அன்டோனினஸ் பயஸைத் தத்தெடுத்தார். மார்க்கஸையும் லூசியஸ் என்ற சிறுவனையும் நீ தத்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அன்டோனினஸின் குடும்பப் பெயர்தான் அரேலியஸ். மார்க்கஸுக்கு அப்போது 16 வயது. லூசியஸுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் 161-இல் இருவரும் சேர்ந்தே அரியணை ஏறினார்கள், 169-இல் லூசியஸ் சாகும்வரை ரோமில் இரண்டு பேரரசர்கள், இருவருமே அரேலியஸ். இதில் 'பேரரசர் அரேலியஸ்' என்றால் எவரை?

வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வரும் மின்னஞ்சல், கடைசிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, என் அப்பா பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் போடும். வருஷக்கணக்காக அதற்குச் சலித்துக்கொண்டவன் நான். அதையேதான் இந்த மனிதருக்குச் செய்திருக்கிறேன்!

வரலாற்றாசிரியர்கள் ஆங்கிலத்தில் சுருக்கும்போது மார்க்கஸ் என்றுதான் எழுதுகிறார்கள், அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. தன்னம்பிக்கைப் புத்தகங்களில் அரேலியஸ் என்று மட்டும் வரும், அங்கே யாருக்கும் குழப்பம் வராது, விட்டுவிடலாம். ஆனால் குடும்பமே வந்து நிற்கிற வரலாற்றுப் புத்தகத்தில் வேண்டாம்.

மார்க்கஸ் அரேலியஸ் அன்டோனினஸ் என்றால் இவர்தான் என்று நம்புவது

ஆட்சிக்கு வந்தபின் இவர் பெயர் அதுதான், சரி. ஆனால் பின்னால் வந்த பேரரசர் கரகல்லாவும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டவர். அவர் 212-இல் பேரரசில் அடிமையல்லாதவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தார், புதுக் குடிமக்கள் அவருடைய குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், அப்புறம் எகிப்தில் பாப்பிரஸ் தாளைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் அரேலியஸ்தான். கல்வெட்டு வாசகம் வந்தால் பெயரைப் பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

வெரஸ்

161-க்குப் பின் வெரஸ் என்றால் லூசியஸ். அதற்கு முன் என்றால் அது மார்க்கஸாகவே இருக்கலாம், ஏனென்றால் தன் பெயரிலிருந்த வெரஸைத் தம்பிக்குக் கொடுத்ததே அவர்தான். ஹாட்ரியன் சிறுவயதில் இவரைக் கொஞ்சிக் கூப்பிட்ட 'வெரிசிமஸ்' கூட இதிலிருந்து வந்ததுதான். சந்தேகம் இருந்தால் திருத்தாதீர்கள், ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி போடுங்கள்.

'அரேலியன்' என்ற பெயரடை

அரேலியன் வேறொரு பேரரசர், 270 முதல் 275 வரை ஆண்டவர், ரோமைச் சுற்றி மதில் கட்டியவர். மார்க்கஸ் காலத்துக் கொள்ளைநோய்க்கு ஆங்கிலத்தில் 'அன்டோனைன்' என்ற அடைமொழி. ஸ்காட்லாந்தில் உள்ள அன்டோனைன் சுவர் மட்டும் அவருடைய வளர்ப்புத் தந்தை அன்டோனினஸ் பயஸ் கட்டச் சொன்னது.

உடைமைக்குறி

ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரஃபிக்குப் பின் இன்னொரு எஸ் போடலாம் (Aurelius's), போடாமலும் விடலாம் (Aurelius'). ஒரே புத்தகத்தில் இரண்டையும் செய்யாதீர்கள்.

மார்க் அரேலியஸ்

கிடையாது. மார்க்கஸை மார்க் என்று சுருக்கும் சலுகையை ஆங்கிலம் மார்க் ஆண்டனிக்குத்தான் கொடுத்தது.