எந்த பேட்ச்?

வண்ணாரப்பேட்டை டியூஷன் சென்டரில் 'பேட்ச்' என்றால் ஒன்று, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேறொன்று. முதலில் காதால் பிடியுங்கள். 'பஸ்'ஸில் வரும் 'ப' என்றால் கூட்டம்: காலை பேட்ச், 2019 பேட்ச். 'பல்'லில் வரும் 'ப' என்றால் ஒட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அதனால் வாட்ஸ்அப்பில் வந்தால் பக்கத்து வினைச்சொல்லைப் பாருங்கள். 'சேர்ந்தேன்' என்றால் கூட்டம், 'போட்டேன்' என்றால் ஒட்டு. 'பேட்ச் அப் ஆயிட்டாங்க' என்றால் சண்டை தீர்ந்தது, அவ்வளவே. நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் கேட்கும் பேட்ச் கார்டு, இரண்டு பக்கமும் பின் வைத்த குட்டி ஒயர்.

காசிமேட்டில் 'பேட்ச் போடணும்' என்றால் ஃபைபர் படகில் விரிசல். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, விரிசலைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். பெயிண்ட் மேலேயே ஒட்டினால் பெயிண்டோடு உரிந்து வந்துவிடும். ஒரு கிலோ பாலியஸ்டர் ரெசினுக்கு (ஒட்டும் பிசின்) அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. கூடினால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ரெசினில் நனைத்த கண்ணாடி நார் விரிப்பை ('மேட்') அடுக்கும்போது ரோலரால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியே தள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பேட்ச்சும் ஒரு காலத்தில் நிஜமான ஒட்டுதான். துளை போட்ட காகித நாடாவில் புரோகிராம் இருந்த நாளில், தப்பான துளைமேல் காகிதம் ஒட்டித் திருத்தினார்கள். இன்று விண்டோஸுக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று பேட்ச் வருகிறது; அமெரிக்க நேரம் என்பதால் நமக்குப் பெரும்பாலும் ராத்திரியாகிவிடும். போடுவதற்கு முன் பில் போன்ற முக்கிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கரண்ட் போகாதபடி யூபிஎஸ் இருக்கட்டும்.

'போட்டாச்சு' என்று யாராவது சொன்னால், 'ரீஸ்டார்ட் பண்ணீங்களா?' என்று கேளுங்கள். பல பேட்ச்கள் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் விண்டோஸில் நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே ஒட்டு வந்துவிட்டது. தாக்குதல் மே 12. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் போடாத பலரின் ஃபைல்கள் பூட்டிக்கொண்டன.

பென்டிரைவில் ஒருவர் 'கேம் பேட்ச்' என்று நீட்டினால், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் வாங்காதீர்கள், அது ஓட்டையை அடைப்பதல்ல, போடுவது.